ஊளைக்குப் பதில் சொன்ன வீடு

நான் சென்னையில் கால்நடை மருத்துவர். காப்பகத்திலிருந்து இளம் ஹஸ்கி கலப்பு நாயைத் தத்தெடுப்பது பற்றி வானொலியில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். "ஐந்து நிமிடமும் அதன் குரலைப் பற்றியே பேசிவிடாதீர்கள்" என்று வீட்டில் எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். பார்க்கலாம்.

வாரம் ஒருநாள் நான் போகும் காப்பகத்துக்குப் போன வருடம் ஒரு பெண் நாய் வந்தது. பத்து மாதம். தாய் ஹஸ்கி, தகப்பன் யாரோ தெருநாய். ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. அடுக்குமாடி வீட்டுப் பால்கனியிலேயே வளர்ந்தது. கத்துகிறது, அடங்கவில்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மூன்று நாள் சத்தமே இல்லை. ஆள் நடமாட்டம் ஓய்ந்தபின் ராத்திரியில்தான் சோற்றைத் தொடும். (உங்கள் வீட்டிலும் முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும். கொஞ்சப் போகாதீர்கள். தண்ணீர் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.) நான்காம் நாள் மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் போனது. மூக்கை மேலே தூக்கி "ஊ...." என்று ஆரம்பித்தது பாருங்கள், அங்கிருந்த நாட்டு நாய்கள் அத்தனையும் வாயடைத்துப் போயின. கொஞ்ச நேரம்தான். பிறகு அவையும் சேர்ந்துகொண்டன!

ஹஸ்கி குரைப்பது குறைவு. ஊளையிடும், முனகும், எதிர்த்துப் பேசும். குளிக்கக் கூப்பிட்டால் ஒரு ராகம், சாப்பாட்டுத் தட்டு தாமதமானால் இன்னொரு ராகம். நம் பக்கம் ஊளை என்றால் அபசகுனம். நாய்க்கோ அது "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்ற விசாரிப்பு. தத்தெடுக்குமுன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சண்டை மிச்சம்.

சைபீரியாவில் சுக்சி மக்கள் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த இனம் இது. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டியோட்டிகள் நாய்களை மாற்றி மாற்றி ஓட்டி, சுமார் 1,085 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்து கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் சிலை கிடைத்தது பால்டோ என்ற நாய்க்கு. ஆனால் மிக நீண்ட பகுதியை ஓடிய அணிக்கு முன்னால் ஓடிய நாய் டோகோ. அந்த டோகோவே குட்டியில் உதவாக்கரை என்று பெயர் எடுத்ததுதான். எசமான் செப்பலா வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட, அது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவரிடமே ஓடி வந்துவிட்டது. இப்படிப்பட்ட இனத்தைப் பால்கனியில் அடைத்தால் கத்தாமல் என்ன செய்யும்?

நம்மவளை எடுத்துப் போனவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார். "டாக்டர், மின்சார ரயிலை இது மதிக்கவே மாட்டேன் என்கிறது. ராத்திரி எக்ஸ்பிரஸ் ஹார்ன் அடித்தால் மட்டும் பதில் சொல்கிறது." அவர் குரலில் ஒரு பெருமை!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அதனால் சுருக்கமாக: வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று முடியை மழித்துவிடாதீர்கள், அந்த இரட்டை அடுக்கு முடி சூட்டையும் தடுக்கும். சீப்பால் வாரினால் போதும். நடை விடிவதற்கு முன்னால். கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கட்டும். உண்ணிக் காய்ச்சல் பரிசோதனை, தடுப்பூசி அட்டை, கருத்தடை விவரம் எல்லாம் காப்பகத்திலேயே கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி உரிமத்தையும் மறக்காதீர்கள். மற்றதை இன்னொரு நாள் பேசலாம். ரயில்காரர் வீட்டம்மா போன வாரம் சொன்னது இது: பத்து மணி வண்டிக்கு இப்போது இரண்டு பேர் ஊளையிடுகிறார்களாம். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு அமையட்டும்.