இரண்டாம் படி: கடலூரின் பழைய தேவாலயப் பதிவேடுகளும் குடிவழித் தேடலும்

(திருப்பாதிரிப்புலியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டி வில்லங்கம் பார்த்துக் கொடுத்தவர். நிலத்துக்கு மூலப்பத்திரம் தேடுவதுபோலக் குடும்பத்துக்கும் மூலம் தேட முடியுமா என்ற கேள்வியை அவர் நினைவுக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறேன்.

சமண முனிவர் சருவநந்தி கி.பி. 458இல் ‘லோகவிபாகம்’ என்னும் நூலை எழுதிய பாடலிகா இந்தத் திருப்பாதிரிப்புலியூர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்த நூல் சக ஆண்டையும் குறிக்கிறது, பல்லவன் சிம்மவர்மனின் ஆட்சியாண்டையும் குறிக்கிறது. ஆண்டு குறித்து எழுதுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அதே ஆண்டில் இவ்வூரில் பிறந்த குழந்தைகளில் ஒன்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது. குடியானவன் வீட்டுப் பிறப்பையும் இறப்பையும் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் உலகில் பிந்தித்தான் வந்தது.

1. இங்கிலாந்தின் ஏடுகள்

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் அந்தந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஞாயிறுதோறும் குருவானவர் ஏட்டில் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். புதிய வரி போடத்தான் இந்த ஏற்பாடு என்று மக்கள் பயந்தார்கள். பல ஊர்களில் காகிதத்தில் எழுதிய ஏடுகள் மட்கிப்போயின.

அதனால் 1598இல் இரண்டு கட்டளைகள் வந்தன. ஒன்று, பழைய பதிவுகளைத் தோல் ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். மற்றொன்று, ஆண்டுதோறும் ஒரு படி எடுத்துப் பேராயருக்கு அனுப்ப வேண்டும். எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதலாவது பெயர்த்தெழுதுங்கள் என்று சலுகை காட்டியதால், பல குருமார் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் பல குடும்பங்களின் தேடல் 1558இல் முட்டி நிற்பதற்கு இதுவே காரணம். ஆனால் மூல ஏடு எரிந்தோ தொலைந்தோ போன ஊர்களில், பேராயரிடம் போன படிதான் இன்று கைகொடுக்கிறது. படி எடுத்தது பிழைத்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

2. கும்பினி வந்தபின்

1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுந்ததோ அவ்வளவு நிலமும் அவர்களுக்கு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த 1746 முதல் 1752 வரை கும்பினியின் தென்னிந்தியத் தலைமையிடம் இதுதான்.

கோட்டையை வாங்கியபோது சென்னை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயம் 1680 அக்டோபரில் திறக்கப்பட்டது. அங்கே பதிவான முதல் திருமணம், அடுத்த வாரமே நடந்த அவருடைய திருமணம். மணமகள் கேதரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கும்பினி அதிகாரியின் விதவை. குடிவழி தேடுபவருக்கு இதில் பாடம் உண்டு. வெள்ளைக்காரர் விரைவில் மாண்டுபோன ஊர்களில், விதவைகள் விரைவில் மறுமணம் செய்துகொண்டார்கள். ஒரே பெண் சில ஆண்டுகளுக்குள் இரண்டு மூன்று குடும்பப் பெயர்களில் தோன்றுவாள். விதவை என்ற குறிப்பைக் கவனிக்காமல் அவள் பிறந்த வீட்டைத் தேடினால், முதல் கணவனின் வீட்டுக்குப் போய்ச் சேர்வோம்.

இந்த ஏடுகளுக்கும் இரண்டாம் படி உண்டு. சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698 தொடங்கி இலண்டனுக்குப் போயின. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதி கணினியிலும் ஏறிவிட்டது. கடலூரைப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இல் பிடித்தார், 1782இல் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். கோட்டை இடிந்து செங்கல் செங்கலாகப் போனது. ஆனாலும் இங்கே மாண்ட ஒரு சிப்பாயின் வாரிசு, லண்டனிலோ மெல்பர்னிலோ வீட்டில் உட்கார்ந்தபடி அவனைத் தேடலாம்.

3. ஊரும் நாளும்

தேடுகிறவர் ஊர்ப்பெயரில் தடுமாறக் கூடாது. தேவனாம்பட்டினம் ‘தெக்னபட்டம்’ ஆகும், திருவேந்திபுரம் ‘திரிவெந்திபோரம்’ ஆகும், நம் திருப்பாதிரிப்புலியூர் ‘திரிப்பாப்பலூர்’ என்று சுருங்கிப்போகும். எழுத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், வாய்விட்டுப் படித்துக் காதால் கேட்டால் ஊர் பிடிபடும்.

நாளில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. 1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஆண்டும் மார்ச் 25இல்தான் பிறந்தது. பிரெஞ்சுக்காரர் முன்பே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள். ஆகவே புதுச்சேரியில் 1741 பிப்ரவரி 21 என்று எழுதப்பட்ட நாள், சுமார் இருபது கிலோமீட்டர் தெற்கே கடலூர்க் கோட்டையில் 1740 பிப்ரவரி 10. ஒரே நாள்தான், ஏட்டில் பதினொரு நாளும் ஓர் ஆண்டும் தள்ளி நிற்கிறது. புதுச்சேரியின் பதிவுகள் 1676 முதல் உள்ளன. ஆளுநர் அல்ஃபிரெட் மார்த்தினோ அவற்றின் சுருக்கத்தை அச்சிட்டார். நாட்காட்டி வேறுபாட்டை மறந்து இரு ஊர் ஏடுகளையும் ஒப்பிட்டால், பெற்றோருக்குத் திருமணம் ஆவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும்! புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ் ஆண்டு, மாதம், தேதியோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்து எழுதினார். இரண்டு உலகத்தில் வாழ்ந்தவருக்கு இரண்டு கணக்கும் வேண்டியிருந்தது.

4. பெயர் இல்லாத தாய்

கும்பினியின் இயக்குநர்கள் 1687இல் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க வேண்டும், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தர வேண்டும் என்றார்கள். கோட்டைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் ஆங்கிலேய சபையைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஞானஸ்நான ஏட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு பணக் கணக்கும் இருந்தது.

வராகன் தாய்க்கு என்றார்கள். ஆனால் ஏட்டில் அந்தத் தாய் எங்கே? கும்பினியின் உயரதிகாரி ஜாப் சார்னக்கின் மூன்று பெண் குழந்தைகளுக்கு 1689இல் செயின்ட் மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. அவர்களுடைய இந்தியத் தாயைப் பற்றி எத்தனையோ கதைகள் உலவுகின்றன, பெயர் மட்டும் நிச்சயமில்லை. பெரிய மனிதர் வீட்டிலேயே இந்த நிலை என்றால், சிப்பாயின் மனைவியாக வாழ்ந்த தமிழ்ப் பெண்ணின் கதி சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர்ப் பெண் என்றோ, ஞானஸ்நானத்தில் பெற்ற மேரி என்றோ அவள் ஏட்டில் நுழைவாள். அவள் பிறந்த வீட்டின் வாசல் அந்த இடத்திலேயே அடைபட்டுவிடும்.

இதற்கு நேர் எதிரான ஏடு ஒன்றைப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். தென்னார்க்காட்டுக்காரர்களும் அதில் உண்டு. அந்தக் கப்பல் பட்டியல்களில் ஆளுக்கு ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கின்றன. பெண்ணுக்கும் தனி எண், தனிப் பெயர், அவளுடைய தகப்பன் பெயர். இது பரிவினால் வந்ததல்ல, அவள் உழைப்புக்கும் ஒப்பந்தம் இருந்ததால் வந்தது. சொத்தும் சபையும் முக்கியமான ஏட்டில் காணாமற்போனவள், கூலி முக்கியமான ஏட்டில் அகப்படுகிறாள். ஆகவே எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது, இதை யார், எதற்காக எழுதினார்கள் என்பதுதான்.

5. தமிழ்க் கிறிஸ்தவர் வழி

கடலூரில் ஒரு வணிகர் வீட்டில் பிறந்த ஆறுமுகம், தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்குவிடம் 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733இல் குருப்பட்டம் பெற்று, புராட்டஸ்டன்ட் சபையின் முதல் தமிழ்க் குருவானார். ஆறுமுகத்தையும் ஆரோனையும் சேர்க்கும் முடிச்சு இந்த ஞானஸ்நானம் ஒன்றுதான். பழைய பெயரையும் ஊரையும் எழுதிவைத்தவர்களால் முடிச்சு நிலைத்தது. எழுதாமல் விட்ட இடங்களில் அறுந்துபோனது.

கடலூரில் 1737இல் லூத்தரன் ஊழியம் தொடங்கியது. 1740இல் சுவீடனைச் சேர்ந்த மிஷனரி கீர்நாண்டர் வந்தார். கத்தோலிக்கரிடமிருந்து எடுத்த தேவாலயத்தைக் கும்பினி 1749இல் அவரிடம் ஒப்படைத்தது. 1758இல் கோட்டை விழுந்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அரசியல் மாறும்போதெல்லாம் கோயிலும் ஏடும் கைமாறின. எனவே ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் வேர் கடலூர் ஏட்டில் இல்லையென்றால், தரங்கம்பாடி, புதுச்சேரி ஏடுகளையும், தரங்கம்பாடி மிஷனரிகள் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு எழுதிய கடிதங்களையும் பார்க்க வேண்டும்.

இங்கே குடும்பப் பெயர் உதவாது, ஏனென்றால் நமக்கு அது கிடையாது. தகப்பன் பெயர், ஊர், தொழில், ஞானப் பெற்றோர், சாட்சிக் கையெழுத்து இவைதான் கயிறு. ஞானப் பெற்றோர் பெரும்பாலும் மாமனோ அத்தையோ ஆக இருப்பார்கள். மூன்று பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், தாய்வழி உறவு தானாகத் தெரிய வரும்.

6. நம் கையில் உள்ளவை

சபைக்கு வெளியே இருந்த பெரும்பான்மை மக்களுக்கு எழுத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். கிராமத்தின் ‘அ’ பதிவேடு, பழைய நிலவரிக் கணக்கு, மடங்களின் ஓலைகள், ஜமாஅத்துகளின் நிக்காஹ் புத்தகங்கள், சிதம்பரத்தில் கட்டளைதாரர்களின் பெயரும் நட்சத்திரமும் குறித்த தீட்சிதர் வீட்டு நோட்டுகள் எல்லாம் குடிவழிக்கு ஆதாரமே. அவற்றுக்கு இல்லாதது இரண்டாம் படி. ஒரே நோட்டு, ஒரே பீரோ, வருடந்தோறும் நம் கடற்கரைக்கு ஒரு புயல். தானே புயலும் 2015 வெள்ளமும் எதை எதைக் கொண்டுபோயின என்பது உங்கள் வீடுகளிலேயே தெரியும்.

ஆகவே மாணவர்களுக்கு இரண்டு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊர்க் கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ உரிய அனுமதி பெற்று, ஒரு பழைய பதிவேட்டைப் படமெடுங்கள். ஒரு படியை அங்கேயே கொடுத்துவிட்டு, இன்னொரு படியை வேறோர் ஊரில் வையுங்கள். அடுத்து, உங்கள் வீட்டு வம்சாவளியை எழுதும்போது ஒவ்வொரு பெண்ணின் பெயர், அவள் பிறந்த ஊர், அவளைப் பெற்றவர்கள் பெயர் ஆகிய மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். குரோம்வெல்லும் கும்பினியும் செய்யாமல் விட்ட வேலை இது. பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே செய்தால்தான் முடியும்.