பாலுவுக்கு மாலை, அம்பேத்கருக்கு வாக்கு



அண்ணலின் நினைவு நாளில் கிரிக்கெட் பற்றிய பேச்சா என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணலின் வாழ்க்கையிலேயே கிரிக்கெட் இரண்டு முறை குறுக்கே வந்திருக்கிறது. முதல் முறை மாலையோடு வந்தது. இரண்டாம் முறை எதிர்வேட்பாளராக வந்தது. இரண்டு முறையும் வந்தவர் ஒரே மனிதர்.

அவர் பெயர் பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர், சிப்பாயின் மகன். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தை உருட்டுவதும், வலை கட்டுவதும், துரைமார்களின் பயிற்சிக்குப் பந்து வீசுவதும் அவருடைய வேலை. மாதச் சம்பளம் 4 ரூபாய். மணிக்கணக்கில் பந்து வீசினார்; மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. அப்படி வீசி வீசியே நாட்டின் தலைசிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் புனேயின் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை மேல்சாதி ஆட்டக்காரர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் குவளை. இரட்டைக் குவளை என்றதும் நமக்கு நம்மூர் டீக்கடைதான் நினைவுக்கு வரும். கிரிக்கெட் மைதானத்திலும் அது இருந்திருக்கிறது.

1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி, ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் தோற்றது. பாலு மட்டும் அந்தப் பயணத்தில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். திரும்பி வந்தவருக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். அந்த விழாவில் முன்நின்றவர்களில் ஒருவர் இருபது வயது மாணவர் பீமராவ் அம்பேத்கர். அன்று அண்ணலும் ஒரு ரசிகர்தான் என்று சொல்வதில் நமக்குக் கூச்சம் தேவையில்லை.

இவ்வளவு செய்த பாலுவுக்கு அணித்தலைவர் பதவி கடைசி வரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் இந்து அணியின் தலைமை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தச் சகோதரர்களை ஒதுக்கிய தேர்வாளர்களைப் பத்திரிகைகளும் ரசிகர்களும் விடாமல் கேள்வி கேட்டார்கள். அந்தச் சத்தம் இல்லாமல் விட்டலுக்கும் அந்தப் பதவி வந்திருக்காது என்பது எங்கள் எண்ணம்.

இனி இரண்டாம் முறை. 1932-இல் வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி தந்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பாலு, நம் சென்னை மாகாணத்தின் எம்.சி.ராஜாவைப் போலவே, கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றார். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் பாலுவின் பெயரும் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 என்று உயர்ந்தன. அந்த இடங்களுக்கு யார் வர வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை கையைவிட்டுப் போயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1937 தேர்தலில், சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பம்பாயில் நின்ற அம்பேத்கரை எதிர்க்கக் காங்கிரஸ் தேடிப் பிடித்த வேட்பாளர் பாலு. காரணம் புரியாததல்ல. அன்றைய பம்பாயில் பாலுவின் பந்தைப் பற்றிக் கேள்விப்படாத ஒடுக்கப்பட்ட வாக்காளர் இருந்திருக்க மாட்டார். மைதானத்துக் கைதட்டலை வாக்குப்பெட்டிக்குள் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு முழுதும் தப்பவும் இல்லை. பாலுவுக்கு ஏராளமான வாக்குகள் விழுந்தன. ஆனால் அண்ணல் வென்றார்.

பாலுவின் 1911-ஐ யாரும் இதற்காக அழிக்க வேண்டியதில்லை. அது அப்படியே நிற்கிறது. 1937-இல் அவரிடம் கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு: சட்டமன்றத்துக்குப் போனால் யாருக்குப் பதில் சொல்வீர்கள்? மாலை போட்ட கையே எதிர்த்து வாக்கும் கேட்டது. இரண்டையும் ஒரே மனிதர் செய்ய முடியும் என்பதை நாம் இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். கடந்த 2025 ஐ.பி.எல். தொடரில் சென்னை அணி முதல் முறையாகப் பட்டியலின் கடைசியில் நின்றது. பெங்களூருவுக்கு எதிரான ஆட்டத்தில் தோனி ஒன்பதாவதாக இறங்கினார். மறுநாள் நம் பையன்கள் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். தோனி படத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைத்திருக்கிறவனே, "தலயா இருந்தா என்ன, ஒன்பதாவதா ஏன் வரணும்?" என்றான். எத்தனை பந்து மீதமிருந்தது, எத்தனை ஓட்டம் தேவைப்பட்டது, முந்தைய ஆட்டத்தில் யார் எத்தனை கேட்ச் விட்டார் என்று விரல் மடக்கிச் சொன்னான். இதைத்தான் பொறுப்புக் கேட்பது என்கிறோம். படிக்காதவர்கள், அரசியல் தெரியாதவர்கள் என்று நம் இளைஞர்களைச் சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் டீக்கடைக்கு வந்து கேட்க வேண்டும்.

அதே பையனிடம் உன் சட்டமன்ற உறுப்பினர் சேரிக்காக எத்தனை கேள்வி கேட்டார் என்று கேட்டுப் பாருங்கள். "அவர் நம்ம ஆளுண்ணே" என்பான். தோனியிடம் காட்டுகிற கண்டிப்பு இங்கே காணாமல் போகிறது. ரசிகனிடம் இருக்கிற இரண்டு பழக்கங்களில் விசிலடிப்பதைத்தான் கட்சிகள் எடுத்துக்கொண்டன. கணக்கு வைக்கிற பழக்கத்தைத் தொடவில்லை.

காலனிகளில் நடக்கிற டென்னிஸ் பந்துப் போட்டிகளைப் பாருங்கள். முதல் பரிசு இன்னார் உபயம், ஜெர்சியில் இன்னார் படம், ஃப்ளெக்ஸில் பத்துப் பேர் கைகூப்பி நிற்பார்கள். தொடக்க விழாவில் உறுப்பினர் மட்டையைப் பிடித்து முதல் பந்தை எதிர்கொள்வார். வீசுகிற பையனும் மரியாதைக்கு மெதுவாகப் போடுவான். படம் எடுப்பார்கள். அந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் வயல் வரப்பில் பிணம் தூக்கிப் போகிற காலனிகள் இருக்கின்றன. கோப்பை வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களில் பலர் அப்படிப்பட்ட கோப்பைகளை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறவர்கள்தான். விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு வேண்டும். மைக் பிடித்து உறுப்பினர் பேசி முடித்ததும், பாதையைப் பற்றி அதே மைக்கில் ஒருவர் கேட்கலாமே என்கிறோம்.

கேட்பதற்கு எண்கள் வேண்டும். எண்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 16-ஆம் விதி, முதலமைச்சர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும் என்கிறது. 17-ஆம் விதிப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் அதில் உறுப்பினர்கள். ஓர் ஆட்சியின் ஐந்தாண்டில் மாநிலக் குழுவுக்கு 10 கூட்டம், மாவட்டக் குழுவுக்கு 20 கூட்டம். உங்கள் மாவட்டத்தில் எத்தனை நடந்தன? உங்கள் உறுப்பினர் எத்தனைக்கு வந்தார்? நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி. அதில் 15 சதவீதம், அதாவது 75 லட்சம், பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதிகளுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அந்தப் பணம் எந்தத் தெருவில் இறங்கியது? ஸ்ட்ரைக் ரேட்டைத் தசம புள்ளியோடு சொல்கிற பிள்ளைகளுக்கு இது கடினமான கணக்கல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. நம் கேள்விகள் அந்த 44 பேரோடு நின்றுவிடக் கூடாது. பொதுத் தொகுதியிலும் சேரி இருக்கிறது. அங்கே ஜெயித்தவரும் நம் வாக்கை வாங்கித்தான் ஜெயித்தார். நம்மவரை மட்டும் கூண்டில் ஏற்றி மற்றவரை விட்டுவிட்டால் அது மண் குவளையின் இன்னொரு வடிவம். ஆனால் தனித்தொகுதி உறுப்பினரின் இக்கட்டை மறைக்கவும் முடியாது. 1938-இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். பிரதமராக இருந்த ராஜாஜி எதிர்த்தார், மசோதா தோற்றது. ஆறு ஆண்டுக்கு முன் கூட்டுத் தொகுதியை நம்பிக் கையெழுத்திட்டவருக்கு அந்த அவையில் கிடைத்தது அதுதான். அணியைத் தேர்வு செய்கிறவர்கள் வேறு இடத்தில் இருக்கும்போது ஆட்டக்காரர் எந்தப் பக்கம் பார்த்து ஆடுவார் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதனால்தான் மைதானத்துச் சத்தம் தேர்வாளர்களின் காதுவரை போக வேண்டியிருக்கிறது. விட்டலுக்காக எழுந்தது அப்படிப்பட்ட சத்தம்தான்.

2026 தேர்தலுக்கு முன் இந்த மன்றம் ஒரு வேலையை எடுத்திருக்கிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 17-ஆம் விதிக் கூட்டங்கள் நடந்த தேதிகள், வந்தவர் பட்டியல், கூட்டக் குறிப்பு, இவ்வளவுதான் கேட்கிறோம். வருகிற பதில்களைத் தொகுதிவாரியாக ஒரு தாளில் அச்சடித்து, பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுவோம். பொங்கலுக்குள் பதில் வராத மாவட்டங்களுக்கு வெறும் கட்டத்தை ஒட்டுவோம். மாவட்டத்துக்கு ஒருவர் வேண்டும். மனு எழுதத் தெரிந்த மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் இருக்கிற மேசைக்கு வாருங்கள்.