இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்



பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் சிலர் வீட்டில் தாத்தாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரம் இன்னும் பத்திரமாக இருக்கும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு அது. அந்தக் கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய அதன் ‘ஜனதா’ கடிகாரத்தை இன்று இளைஞர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். இதை வெறும் பழம்பாசம் என்று நான் ஒதுக்கமாட்டேன். அதன் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பழுதானால் தெருமுனைக் கடைக்காரர் சரிசெய்து கொடுப்பார். நாம் ஏங்குவது அந்த நெருக்கத்துக்காக.

அதே எச்.எம்.டி. 1965இல் ஐதராபாத்தின் இந்த ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே, நர்சாப்பூர் சாலையில், இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்கான தொழிற்சாலையைத் தொடங்கியது. இந்தப் பேட்டையில் லேத்தில் இரும்பு கடைந்த பழைய டர்னர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். லேத்தின் கைச்சக்கரத்தைச் சுற்றும்போதே, திருகு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்கு விரலில் தெரியும். சற்றுப் பின்னுக்குச் சுற்றி, அந்தத் தளர்வை எடுத்துவிட்டுத்தான் அளவுக்கு வருவார்கள். சீவிவரும் இரும்புச் சுருள் நீலம் பாய்ந்தால் சூடு ஏறிவிட்டது என்று அறிந்து வேகத்தைக் குறைப்பார்கள். சத்தம் மாறினால் கருவி மழுங்கிவிட்டது. இந்த அறிவு எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. பக்கத்தில் நின்று பழகியவருக்கே வாய்த்தது.

ஆனால் அந்தக் காலத்தின் பட்டறைகளை நினைத்து உருகும்போது, கால்மிதியை அழுத்தியதும் இறங்கும் பவர் பிரஸ்ஸையும் நினைக்க வேண்டும். தகட்டை வைத்த கை வெளியே வருமுன் மிதி அழுந்திவிட்டால், விரல் போயிற்று. பிரஸ் வேலை பார்த்தவர்களில் முழு விரல்களோடு ஓய்வு பெற்றது எத்தனை பேர் என்று மூத்த தொழிலாளிகளிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற ஏற்பாடும், கை குறுக்கிட்டால் உடனே நிறுத்திவிடும் ஒளித்திரையும் புதுமைகள்தாம். கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தின் மூடிய கதவு கண்ணில் சீவல் தெறிக்காமல் காக்கிறது. இவற்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மருந்திலும் இதே கதை. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அந்தச் சட்டமும், பாலாநகரின் ஐ.டி.பி.எல். மருந்து ஆலையில் பயின்ற வேதியியலாளர்களும் சேர்ந்து ஐதராபாத்தை மூலமருந்துகளின் நகரமாக்கினார்கள். ஏழைக்கும் எட்டும் விலையில் மாத்திரை கிடைத்தது. எனக்கு அதில் பெருமை உண்டு. அதே நேரம், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததாக 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம். மருந்தால் பிழைத்தவர் ஓர் ஊரில். அந்தத் தண்ணீரோடு வாழ்ந்தவர் வேறு ஊரில்.

அதனால்தான், ‘புதுமையால் வாழ்க்கை மேம்பட்டதா?’ என்று பொதுவாகக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. யாருடைய வாழ்க்கை என்று கேளுங்கள். வாங்குபவர் பதில் சொல்லிவிடுவார். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரிடமும், கழிவுநீர் ஓடும் ஓடையின் கீழ்ப்பக்கம் குடியிருப்பவரிடமும் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்தில் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். அன்றைய எண்ணிக்கையை எட்டுவதற்காக ஒளித்திரையை அணைத்துவைப்பார்கள். கதவு திறந்திருந்தாலும் ஓடும்படி சென்சாரைக் கட்டிவைப்பார்கள். உற்பத்தியைக் கூட்டும் பாதி மட்டும் ஓடும், உயிரைக் காக்கும் பாதி தூங்கும். அந்த இயந்திரத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளி. திரையில் ஒளிரும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். பழைய டர்னருக்கு இயந்திரம் சத்தத்தால் சொன்னது, இவருக்கு எட்டவே எட்டாது.

மேற்பார்வையாளராக நீங்கள் கையெழுத்திடும் முதல் நாளிலேயே அந்தச் சென்சாரின் கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். எச்சரிக்கைகளை ஒடியாவிலும் இந்தியிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டுங்கள். எந்தப் பொத்தான் இயந்திரத்தை நிறுத்தும் என்று அந்தத் தொழிலாளியின் கையைப் பிடித்துக் காட்டுங்கள். ‘நிறுத்தினால் உங்களை யாரும் திட்டமாட்டார்கள், நான் இருக்கிறேன்’ என்று மேலாளர் எதிரிலேயே அவரிடம் சொல்லுங்கள்.