மக்கட்குத் தொழில் தேர்தல்

(நொச்சிக்குப்பத்தில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையை மேல்வகுப்பில் எப்பிரிவிற் சேர்ப்பதென ஆண்டுதோறும் நம்மை வினவுவோர் பலர். அப்பிள்ளையை வினவினோர் மிகச் சிலர். ஆதலின் இதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

1953இல் இராஜாஜி அமைச்சரவை ஒரு கல்வித்திட்டம் வகுத்தது. நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளிச் சிறார் நாள்தோறும் மூன்று மணிநேரம் பள்ளியிற் பயின்று, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கவேண்டும் என்பது அதன் சாரம். சென்னை நகர் அதனுட்படவில்லை. ஆயினும், வலைஞன் மகன் வலைஞனே என முத்திரையிடுவதாக எங்கும் எதிர்ப்பு எழுந்தது; 1954இல் காமராஜர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. கைவிட்டது நன்றே.

நிற்க. இன்று நம் குப்பத்தில் நிகழ்வது அதற்கு மறுதலை. "கடல் எம்மோடு போகட்டும்" என்பதே தந்தைமார் வாய்மொழி. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்டவர்கள், மீன் அருகியதையும் டீசல் விலையையும் அறிந்தவர்கள், அவர்களைக் குறைகூறோம். பள்ளியோ மதிப்பெண் ஒன்றையே நோக்கிப் பிரிவை வழங்கிவிடுகின்றது. வன்னி, தெண்டி என நீரோட்டம் பகுத்தறியும் சிறுவனுக்கு அவ்வறிவு ஒரு மதிப்பெண்ணும் ஈட்டித் தருவதில்லை.

விளைவு யாது? கணிதமில்லாப் பிரிவிற் சேர்ந்தவனுக்கு வணிகக்கப்பல் அதிகாரிப் படிப்பின் கதவு அடைபடும். உயிரியல் இல்லாதவனுக்கு மீன்வள அறிவியற் பட்டப்படிப்பின் கதவு அடைபடும். அடைபட்டதை அவன் அறிவது ஈராண்டு கழித்தே. இராயபுரத்திலோ நடுவண் அரசின் சிஃப்நெட் பயிற்சிக்கூடம் 1968 முதல் இருக்கின்றது. பத்தாம் வகுப்புத் தேறியோர்க்கே மீன்பிடி கலஞ் செலுத்தவும் அதன் பொறியைப் பேணவும் அந்நிறுவனம் ஈராண்டுப் பயிற்சி தருகின்றது. கூப்பிடு தூரத்தில் உள்ள அதனை நம்மவருள் எத்துணைப் பேர் அறிவர்?

மீனவர் குடியில் 1860இல் பிறந்த சிங்காரவேலர் வக்கீலானதைத் தாய்மார் எடுத்துக்காட்டுவது வழக்கம். 1921இல் ஒத்துழையாமையின்பொருட்டு அத்தொழிலை அவரே துறந்ததை மட்டும் பிள்ளைகளுக்கு எவரும் சொல்வதில்லை! தேர்ந்தவரும் அவரே, விட்டவரும் அவரே.

பெண்மக்கள் செய்தி இன்னும் வருந்தத்தக்கது. அங்காடியில் தாயருகிருந்து மனக்கணக்காய் விலைசொல்லும் பெண்ணுக்கும் "நர்சு வேலை போதும்" என முடிவுகட்டிவிடுகின்றோம்.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பிள்ளைகளை, ஆண் பெண் இருபாலாரையும், வரும் ஞாயிறு மாலை சங்கத்திற்கு அழைத்து வாருங்கள். எப்பிரிவு எத்தொழிலுக்கு வழியென விளக்குவோம். பின்னர் அவர்கள் பேசட்டும். பெற்றோர் ஒரு நாழிகை வாய்திறவாதிருக்க வேண்டுகின்றோம்.