உண்ணி கடித்ததா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் அருகே குடியிருப்பவர்களுக்கு உண்ணி என்பது புதிய பொருள் அன்று. செங்கம் சாலையின் இரு மருங்கிலும் நாய்கள் படுத்திருக்கும். மலையடிவாரத்தில் ஆடுமாடுகள் மேயும். குரங்குகளும் மயில்களும் சுவரேறி வரும். ஆசிரமத்துக்குள்ளேயே லட்சுமி என்ற பசுவுக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு காகத்துக்கும் சமாதிகள் இருக்கின்றன. விலங்கும் மனிதனும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில், விலங்கின் மேல் ஒட்டி வாழும் சிற்றுயிர்கள் மனிதனையும் நாடி வருவதில் வியப்பில்லை.

நான் அப்பகுதியில் நெடுநாளாகக் குடியிருப்பவன். விலங்கியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவ நேயர்களே, உண்ணியைப் பற்றியும் அதனால் வரும் நோய்களைப் பற்றியும் உங்களிடம் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். பேசத்தான் போகிறேன். ஆனால், உண்ணியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் எண்ணியிருந்த காலத்தில் செய்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், பன்னிரண்டு மாணவர்களைச் சமுத்திரம் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். ஆசிரமத்திலிருந்து நடந்தே போகலாம். பூச்சியினங்களைச் சேகரிப்பது எங்கள் நோக்கம். கரையோரத்தில் புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது, இடையிடையே முட்புதர்கள். பகல் முழுதும் சுற்றிவிட்டு, அந்தப் புல்லின் மேலேயே அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். சிலர் படுத்துச் சிறிது உறங்கினார்கள்.

பத்து நாட்கள் சென்றபின் ஒரு மாணவனுக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி மிகுதி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி. வீட்டார் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் நான் அவனைப் பார்க்கச் சென்றேன். காட்டுப்புறம் சென்று வந்தவன் ஆயிற்றே என்ற நினைவு எனக்கும் வரத்தான் செய்தது. “உண்ணி ஏதாவது கடித்ததா, தம்பி?” என்று கேட்டேன். “இல்லை, ஐயா. அப்படி ஒன்றும் தெரியவில்லை” என்றான். அந்த விடையே எனக்குப் போதுமானதாக இருந்தது. “பருவக் காய்ச்சல்தான், அம்மா, ஓய்வாக இருந்தால் சரியாகிவிடும்” என்று அவன் தாயிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

எட்டாம் நாள் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே வயதான செவிலியர் ஒருவர் அவனுக்கு உடை மாற்றும்போது, அரைஞாண் கயிற்றுக்குக் கீழே ஒரு சிறு கறுத்த பொருக்கைக் கண்டார். சுருட்டின் நெருப்பால் சுட்டது போன்ற வட்டமான புண். சுற்றிலும் சிறிது செம்மை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆதலால் அவனே அதை அறியவில்லை. செவிலியர் உடனே மருத்துவரை அழைத்துக் காட்டினார். அன்று மாலையே மருந்து மாற்றப்பட்டது. இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கியது. நுரையீரல் தெளிவதற்கு மட்டும் மேலும் பல நாட்கள் ஆயின.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மையார் என்னைப் பார்த்து, “காய்ச்சல் என்றால் ஆளைக் கேட்டால் போதாது, சார், உடம்பைப் பார்க்க வேண்டும்” என்றார். நான் யார், என்ன பாடம் கற்பிப்பவன் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே நல்லது என்று அப்போது தோன்றியது.

என் கேள்வியில் என்ன பிழை? “உண்ணி கடித்ததா?” என்று கேட்டேன் அல்லவா? அவனை உண்ணி கடிக்கவே இல்லை. அவன் உண்மையைத்தான் சொன்னான்.

அவனுக்கு வந்த நோயை மருத்துவ நூல்கள் ஸ்கிரப் டைபஸ் என்கின்றன. நம் செய்தித்தாள்கள் அதை உண்ணிக் காய்ச்சல் என்றே எழுதி வருகின்றன. அந்தப் பெயரால் வந்தது வினை. உண்ணி என்றால் நமக்கு நாய்க் காதிலும் மாட்டு மடியிலும் தொங்கும் பருத்த உயிர்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்கிரப் டைபஸைச் சுமப்பதோ வேறு ஓர் உயிர். அதை மைட் என்பார்கள். உண்ணிக்குத் தூரத்து உறவு, அவ்வளவே. அதிலும் வளர்ந்த மைட் நம்மைத் தீண்டுவதில்லை. அது மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவம் மட்டுமே, வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஓர் எலியையோ மூஞ்சூறையோ வழிதவறிய மனிதனையோ பற்றி உணவு கொள்கிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குப் புலப்படாது, கடிப்பதும் தெரியாது. ஆடை இறுக்கமாகப் படியும் இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் போன்ற இடங்களை அது நாடும். ஓரியன்ஷியா என்ற நுண்கிருமி அதன் உமிழ்நீர் வழியே நம் உடலில் புகுகிறது.

இந்தக் கிருமி தாய் மைட்டிடமிருந்து முட்டைகளுக்கே சென்றுவிடுகிறது. ஆகவே, கிருமியுள்ள மைட்டுகள் ஒரு புதரடியில் கூட்டமாக இருக்கும். பத்தடி தள்ளி இருக்கவே மாட்டா. அன்று பன்னிரண்டு பேர் அமர்ந்த புல்வெளியில் ஒருவன் மட்டும் நோயுற்றது ஏன் என்று நான் வெகுநாள் குழம்பினேன். மற்றவர்கள் தீவுக்கு வெளியே அமர்ந்திருந்தார்கள். அவன் தீவுக்குள் படுத்துவிட்டான்.

ஜப்பானியர் இதைச் சுட்சுகாமுஷி, அதாவது தீங்கு செய்யும் பூச்சி, என்று வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாமிலும் பர்மாவிலும் காடுகளில் போரிட்ட வீரர்கள் பலர் இந்நோய்க்கு இலக்கானார்கள். 1948-இல் ஸ்மேடல் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் கோலாலம்பூரில் குளோரம்பெனிக்கால் என்ற மருந்தைக் கொடுத்து இதைக் குணப்படுத்திக் காட்டினார்கள். இக்காலத்தில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற எளிய மருந்துகளே போதுமானவை. நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிட நன்மை தருகிறது என்பதை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அறிஞர்களின் தலைமையில் நடந்த ஆராய்ச்சி 2023-இல் நிறுவியது. இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 794 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி அது. நமக்கு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஊரில் நடக்கும் இத்தகைய காரியங்களை நம் மாணவர்கள் அறிவதே இல்லை என்பது எனக்குச் சற்று வருத்தம்.

மருந்து எளிது, ஆனால் நோயை நினைவில் கொண்டால்தான் அம்மருந்து கொடுக்கப்படும். சாதாரணமாகக் காய்ச்சலுக்குத் தரும் பென்சிலின் வகை மருந்துகள் இக்கிருமியிடம் செல்லா. அது நம் உயிரணுக்களுக்கு உள்ளேயே ஒளிந்து வாழ்வது. இரத்தச் சோதனையும் முதல் வாரத்தில் சில வேளை ஏமாற்றிவிடும். கறுத்த பொருக்கோ எல்லோருக்கும் தோன்றுவதில்லை. நம் நாட்டில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கே அது காணப்படுகிறது. ஆதலால் மருத்துவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி வேறு. இரண்டு மூன்று வாரங்களுக்குள் எங்கே சென்றீர்கள், எதன்மேல் அமர்ந்தீர்கள், வேர்க்கடலைக் கொல்லையில் வேலை செய்தீர்களா, வீட்டுக்குப் பின்புறம் புதர் உண்டா என்பதையெல்லாம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இது அரிதான நோய் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டின் 37 சிற்றூர்களில் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி 2025-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இக்கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று அது காட்டியது. அவர்களில் பெரும்பாலோர்க்குக் காய்ச்சலே வருவதில்லை, சிலருக்கு வருகிறது, அச்சிலரில் சிலருக்கு உயிருக்கே இடர் நேர்கிறது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை இந்நோயைக் குறித்து எச்சரித்தபோது குறிப்பிட்ட மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று.

இனி, உண்மையான உண்ணிக்கு வருவோம். உண்பது எதுவோ அது உண்ணி. எவ்வளவு பொருத்தமான பெயர்! இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி ஆமணக்கு விதையைப் போலவே இருக்கும். ஆமணக்குக்கு லத்தீன் மொழியில் ரிசினஸ் என்று பெயர். அச்சொல்லுக்கே உண்ணி என்பதுதான் பொருள். உண்ணி பூச்சியினம் அன்று. வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள், சிலந்தியைப் போல. நோயைப் பரப்பும் குற்றவாளியாகக் கொசுவுக்கு முன்பே பிடிபட்டதும் அதுதான். ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1893-இல், ஸ்மித், கில்போர்ன் என்ற இரு அமெரிக்கர்கள் கால்நடைகளின் ஒருவகைக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று மெய்ப்பித்திருந்தார்கள்.

நம் தெரு நாய்களின் மேல் உள்ள பழுப்பு உண்ணி, இந்திய உண்ணி டைபஸ் என்ற காய்ச்சலை மனிதனுக்குத் தரக்கூடும். உடம்பில் செம்புள்ளிகள் தோன்றி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடப் பரவுவது அதன் அடையாளம். அதற்கும் டாக்சிசைக்ளின்தான் மருந்து. இதைவிடக் கொடியது கியாசனூர்க் காட்டு நோய். 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் காட்டில் செத்து விழுந்தன. பின்னர் மனிதர்களும் நோயுற்றார்கள். புனே நகரத்து வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் சென்று ஆராய்ந்து, காட்டு உண்ணியையும் அது சுமந்த வைரஸையும் கண்டுபிடித்தார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரிய நோய். நம் அண்ணாமலைக்கு உரியதன்று. எனினும், முதுமலைப் பக்கம் சுற்றுலா செல்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆசிரமப் பகுதிக்கு வரும் வெளிநாட்டு அன்பர்கள் உண்ணியைக் கண்டால் வேறொரு நோயை நினைத்து நடுங்குகிறார்கள். அது லைம் நோய். அமெரிக்காவில் லைம் என்ற ஊரில் 1975-இல் கவனத்துக்கு வந்ததால் அப்பெயர். அதைச் சுமக்கும் உண்ணி இனங்கள் குளிர்ந்த நாடுகளின் காடுகளில் வாழ்பவை. ஒரு முதியவர், தம் கணுக்காலில் இருந்த நாய் உண்ணியைக் காட்டி, லைம் நோய் வந்துவிடுமா என்று என்னிடம் கேட்டார். அதற்காக அஞ்ச வேண்டாம், காய்ச்சல் கண்டால் மட்டும் மருத்துவரிடம் செல்லுங்கள் என்று சொல்லி, உண்ணியை எடுத்துவிட்டேன்.

எப்படி எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் மண்ணெண்ணெய் தடவுவார்கள், புகையிலைச் சாறு வைப்பார்கள், ஊதுவத்தியால் சுடுவார்கள். இவையெல்லாம் வேண்டாதவை. துன்புறுத்தப்பட்ட உண்ணி, தன் வயிற்றில் உள்ளதை நம் உடலுக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். கூரிய முனையுள்ள சாமணத்தால், தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பற்ற வேண்டும். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேல்நோக்கி நிதானமாக இழுக்க வேண்டும். பிறகு அவ்விடத்தையும் கையையும் சோப்பு நீரால் கழுவ வேண்டும். நாயிடமிருந்து எடுத்த உண்ணியைச் சிறுவர்கள் நகத்தால் நசுக்குகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய அச்சம். அதன் குருதியில் உள்ள கிருமி, விரலில் ஒரு கீறல் இருந்தால் உள்ளே புகுந்துவிடும்.

மழைக்குப் பின் வரும் குளிர்ந்த மாதங்களே ஸ்கிரப் டைபஸ் மிகும் காலம். கார்த்திகை தீபமும் அப்போதுதான் வருகிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வரும் மக்கள், கால் சோர்ந்த இடத்தில் ஓரத்துப் புல்லில் சாய்ந்து உறங்குகிறார்கள். வர வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஒரு பாயோ விரிப்போ கொண்டு வரலாம். முழுக்கால் சட்டையும் காலுறையும் அணியலாம். வீடு திரும்பியதும் உடுத்திய துணியை வெந்நீரில் போட்டுவிட்டு, உடம்பைத் தேய்த்துக் குளிக்கலாம். தோலில் ஏறிய மைட் கடிப்பதற்கு முன்பே பல வேளை கழுவிப் போய்விடும்.

என் மாணவன் இப்பொழுது ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருக்கிறான். இடுப்பில் அந்த வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறதாம். சென்ற கார்த்திகையில் அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவனுடைய தம்பி மகன் இரண்டு நாட்களாகக் காய்ச்சலில் படுத்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, இவன் பையனின் சட்டையைக் கழற்றித் திருப்பிப் படுக்கவைத்து, கைவிளக்கை வாங்கி வரச் சொல்லி, அக்குளிலும் இடுப்பிலும் முழங்கால் மடிப்பிலும் ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பொருக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் பையனைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்பட்டான். “முந்தாநாள் ஏரிப்பக்கம் போகவில்லை, ஐயா, ஆனால் போன வாரம் போனானாம். அதைச் சொல்ல வேண்டும்” என்று சொல்லிக்கொண்டே போனான்.