அத்தாவின் பழைய போனும் அதிலுள்ள இமெயிலும்
(தொப்பம்பட்டியில் நம் அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை மனு நிரப்பிக் கொடுக்க நாம் உட்காரும்போதெல்லாம் ஒரு கட்டத்தில் வேலை நின்றுவிடுகிறது. 'இமெயில் முகவரி' என்ற கட்டம்தான் அது. சில பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் யாரோ திறந்து கொடுத்த முகவரியைச் சொல்கிறார்கள். பாஸ்வேர்டு என்னவென்று தெரியாது. வேறு சிலர், "அத்தா சவுதியில் இருந்தப்போ வச்சிருந்த மெயில் இருக்கு. ஆனா அது அந்தப் பழைய போன்லதான் வருது" என்கிறார்கள். அந்தப் பழைய போனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

துபாய், ரியாத், தோஹா என்று கம்பெனி வேலைக்குப் போன நம்மவர்கள் 2008, 2010 வாக்கில் கொண்டுவந்த போன்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பிளாக்பெர்ரி. மற்றொன்று நோக்கியா இ71, இ63, இ72 போன்ற எழுத்துப் பலகை வைத்த போன்கள். நல்ல உழைப்பாளிப் போன்கள். பல வீடுகளில் பீரோவுக்குள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடச் சொல்ல நாம் வரவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். கடிதங்கள் இருப்பது போனுக்குள் அல்ல. அவை கூகுள், யாகூ போன்ற நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. போன் என்பது அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஒரு ஜன்னல். ஜன்னல் உடைந்தாலும் பெட்டி பத்திரமாக இருக்கும், சாவி நம்மிடம் இருந்தால். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்தக் காலத்தில் 'பாப்' என்ற முறையில் மெயிலை அமைத்து, சர்வரில் பிரதி வைக்காமல் விட்டிருந்தால், கடிதம் போனுக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து அழிந்திருக்கும். கம்பெனி கொடுத்த மெயில்களில் இப்படி நடந்திருக்கலாம். அப்படிப்பட்ட போனில் சம்பளச் சீட்டு, பணிமுடிவுத் தொகைக் கணக்கு, விசா நகல் ஏதாவது இருந்தால், அது உலகத்திலேயே அந்த ஒரு போனில்தான் இருக்கிறது. அதை ரீசெட் செய்துவிடாதீர்கள். வேறு வழி தெரியாவிட்டால் முக்கியமான கடிதங்களைத் திறந்து வைத்து, இன்னொரு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இராது. ஆனால் காரியம் நடக்கும்.

பிளாக்பெர்ரி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி கசப்பானது. கனடாவைச் சேர்ந்த அந்தக் கம்பெனியின் பழைய போன்களில் மெயில் நேராக வராது. கம்பெனியின் சொந்த சர்வர் வழியாகச் சுற்றித்தான் வரும். அந்தச் சுற்றுவழியை அரசாங்கம் பார்க்க முடியவில்லை என்றுதான் 2010 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகம், அக்டோபர் 11 முதல் பிளாக்பெர்ரி சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பதற்றம் நினைவிருக்கும். கடைசி நேரத்தில் சமரசமாகித் தடை விலகியது. ஆனால் 2022 ஜனவரி 4 அன்று கம்பெனியே அந்தப் பழைய போன்களுக்கான சேவையை முடித்துக்கொண்டது. ஆகவே பழைய கர்வ், போல்டு வகைப் போன்களில் புதிதாக மெயில் அமைக்க முயல்வது வீண்வேலை. "நான் செஞ்சு தர்றேன், ஐந்நூறு கொடுங்க" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். பிற்காலத்தில் ஆண்ட்ராய்டில் வந்த பிளாக்பெர்ரி போன்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நோக்கியாவில் முயன்று பார்க்கலாம். பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் 'தவறு' என்று வருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் பாஸ்வேர்டில் குற்றமில்லை. வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து நுழையும் பழைய மென்பொருள்களைக் கூகுள் 2022 மே 30 முதல் அனுமதிப்பதில்லை. அதற்குப் பதில் 'ஆப் பாஸ்வேர்டு' என்ற ஒன்றை எடுக்க வேண்டும்.

புதிய போனிலோ கணினியிலோ உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பை முதலில் இயக்குங்கள். பிறகு 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்று தேடினால் 16 எழுத்துக் கொண்ட ஒரு சொல் கிடைக்கும். ஒரே ஒருமுறைதான் காட்டும். இடைவெளி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நோக்கியாவில் மெசேஜிங் உள்ளே போய், ஆப்ஷன்ஸ், செட்டிங்ஸ், இமெயில், மெயில்பாக்ஸ் என்று இறங்குங்கள். வகை கேட்டால் 'ஐமேப்' என்று கொடுங்கள், பாப் வேண்டாம். பயனர் பெயர் என்பது முழு இமெயில் முகவரி. உள்வரும் சர்வர் 'ஐமேப்' என்று தொடங்கும் ஜிமெயில் முகவரி, போர்ட் 993. வெளிச்செல்லும் சர்வர் 'எஸ்எம்டிபி' என்று தொடங்குவது, போர்ட் 465. பாஸ்வேர்டு கேட்கும் இரண்டு இடத்திலும் அந்த 16 எழுத்தையே போட வேண்டும்.

அதற்கு முன் போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி நெடுநாள் செத்துக் கிடந்த போன் பழைய வருடம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும்; தேதி தவறினால் சர்வரின் சான்றிதழை அது நம்பாது. இணைப்புக்கு வீட்டு வைஃபை அல்லது மகனுடைய போனின் ஹாட்ஸ்பாட் போதும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜியோ சிம்மை இந்தப் போன்களில் போட்டுப் பயனில்லை, அது 4ஜிக்கு மேல்தான் வேலை செய்யும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் சில போன்கள் இணைய மறுக்கும். அவற்றுக்குத் தெரிந்த பூட்டு பழைய பூட்டு. அப்போது 'செக்யூரிட்டி' என்ற இடத்தை 'ஆஃப்' என்று மாற்றிப் பார்க்கும் சபலம் வரும். வேண்டாம். பாஸ்வேர்டைத் தபால் அட்டையில் எழுதி அனுப்புவது போன்றது அது.

இனி நாம் சொல்வதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான பகுதி. அந்தக் கணக்கில் பதிவாகியுள்ள கைபேசி எண் எது? பல வீடுகளில் அது அத்தா வேலை பார்த்த நாட்டின் எண். அவர் ஊருக்குத் திரும்பி வருடங்கள் ஆகிவிட்டன, எண் செத்துவிட்டது. பாஸ்வேர்டு மறந்த நாளில் கூகுள் அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். இங்குள்ள எண்ணுக்கும் இதே நிலைதான். 90 நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்தால் துண்டிக்கலாம் என்பது விதி. பிறகு அந்த எண் வேறொருவர் கைக்குப் போகும். பிரவுசிங் சென்டரில் திறந்த கணக்கானால் அந்தக் கடைக்காரர் எண்ணே இருக்கலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நீட் விண்ணப்பத்தின் செய்தி வரும் நாளில் அவர் கடையை மூடியிருந்தால் என்ன செய்வோம்? பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு ஆன்லைனில் பதிந்தால் கணக்கைத் திறக்கும் இணைப்பும் மெயிலுக்குத்தான் வருகிறது.

ஆகவே ஏதாவது ஒரு போனிலோ கணினியிலோ அந்தக் கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருந்தால், 'லாக் அவுட்' செய்யாதீர்கள். உள்ளே இருக்கும்போதே மீட்பு எண்ணை இப்போது உங்கள் கையில் உள்ள எண்ணாக மாற்றிவிடுங்கள். வெளியே வந்துவிட்டால் மறுபடி நுழைவது உறுதியில்லை. இன்னொன்று, 2 வருடம் யாரும் பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் விதி வகுத்து, 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. சவூதி ஒப்பந்தத் தாள் அதில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.

பிள்ளைகளின் மனுக்களுக்கு அத்தாவின் மெயிலைக் கொடுப்பதும் சரியில்லை. அதில் வங்கிக் கடிதமும் இருக்கும், வீட்டு விஷயமும் இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத் தன் பெயரில், அம்மாவின் எண்ணை மீட்பு எண்ணாக வைத்து, தனி முகவரி திறந்து கொடுங்கள். அம்மாவின் எண் ஏன் என்றால், பயணம் போகும் ஆண்களின் எண் மாறுகிறது. வீட்டிலிருக்கும் அம்மாவின் எண் மாறுவதில்லை. பாஸ்வேர்டை ரேஷன் கார்டு வைக்கும் பையில் ஒரு சீட்டில் எழுதி வைத்தாலும் தவறில்லை. மறப்பதைவிட அது மேல்.

தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் கூட இருந்து செய்து தருகிறோம். பாஸ்வேர்டை நீங்களே அடிக்க வேண்டும், எங்களிடம் சொல்லக்கூடாது. பழைய போன், இப்போது பயன்படுத்தும் சிம் உள்ள போன் இரண்டையும் கொண்டு வாருங்கள். நோக்கியா என்றால் அதன் ஊசிமுனை சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எங்களிடம் அது இல்லை.