சம்பளத்தைச் சொல்லலாமா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



"பெண்ணிடம் வயதைக் கேளாதே; ஆணிடம் சம்பளத்தைக் கேளாதே" என்று நம்மவரிடையே ஒரு பேச்சு வழங்கி வருகின்றது. பெண்ணும் ஆணும் ஒருங்கே உழைத்துப் பொருளீட்டும் இக்காலத்தில் அப்பேச்சின் பிற்பாதி இருபாலார்க்கும் உரியதாகிவிட்டது. ஒருவர் தாம் பெறும் ஊதியத்தைப் பிறர் அறியச் சொல்வது தகுமா, தகாதா என்பதே இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். வயதாலும் அனுபவத்தாலும் மூத்தோர் நிறைந்த இச்சபையில், சம்பளம் என்ற ஒன்றை இன்னும் கைநீட்டி வாங்கியறியாத மாணவன் இதைப்பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், நாளை வேலைக்குப் போகவிருப்பவர்கள் நாங்களே. எங்கள் உழைப்புக்கு வெளியுலகில் என்ன விலை என்பதை அறிய வேண்டியவர்களும் நாங்களே. ஆதலின் என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்லுகிறேன். பெரியோர் பொறுமையுடன் கேட்டருள்க.

முதலாவதாக, வருமானத்தை மறைத்து வைத்தல் நமது பழைய வழக்கந்தானா என்று பார்ப்போம்.

இக்கரையோரத்து மக்களின் பழந்தொழில்கள் வேளாண்மையும், மீன்பிடியும், நெசவும். எருமைகளை விட்டுச் சூடு மிதித்த காலத்தில், தூற்றிக் குவித்த நெல்லைப் 'பொலி' என்று மங்கலமாகச் சொல்லி, களவெட்டியிலேயே மரைக்காலால் அளந்தார்கள். போடியாருக்கு எவ்வளவு, முல்லைக்காரருக்கு எவ்வளவு, வட்டைவிதானைக்கு எவ்வளவு என்பது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கடற்கரைக்குப் போனால், கரைவலை இழுத்தவர்களின் கண்முன்னேதான் மீன் விலைப்படும். செலவு போக மிஞ்சியது பங்காகும். மருதமுனைத் தறிகளிலே ஒரு சேலைக்கு என்ன கூலி, ஒரு சாரத்துக்கு என்ன கூலி என்பது அயல்வீட்டுத் தறிக்காரருக்கு மறைவான செய்தியன்று.

அந்தப் பங்குகள் யாவும் நீதியானவை என்று நான் சொல்ல வரவில்லை. 1958ஆம் ஆண்டில் நெற்காணிச் சட்டம் பிறந்ததே, குத்தகைக்குச் செய்த கமக்காரனுக்கு நிலத்தில் உறுதியும் விளைச்சலில் நியாயமான பங்கும் இல்லாதிருந்தமையால்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அநீதி இருந்தபோதும் அது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தபடியால் அதைப்பற்றி வாதாட முடிந்தது. வாதாட முடிந்தபடியால் சட்டமும் இயற்ற முடிந்தது. மூடிய உறைக்குள் இருக்கும் அநீதியோடு யார் எப்படி வாதாடுவது?

அந்த மூடிய உறை நம்மிடம் பின்னால் வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் அஃது இல்லை. அரசாங்க சேவையின் சம்பளத் திட்டங்கள் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையிலே அட்டவணையாகத் தரப்பட்டன. எழுதுவினைஞர் முதல் செயலாளர் வரை ஒவ்வொருவரின் படிமுறையையும் விரும்பியவர் எடுத்துப் பார்க்கலாம். நம் பெற்றோர் பிள்ளைகளை அரசாங்க உத்தியோகத்துக்கே தள்ளுவதற்கு ஓய்வூதியம் மட்டுமா காரணம்? சேரும் நாளிலேயே எவ்வளவு கிடைக்கும், பத்து வருடத்தில் எவ்வளவாகும் என்ற தெளிவும் ஒரு காரணமன்றோ? தனியார் கடையிலும், கம்பனியிலும், கடல்கடந்த வேலையிலுமே "உனக்கும் எனக்கும் மட்டும்" என்ற பேச்சு நடக்கின்றது.

இனி, மறைத்தலே நலம் என்பார் கூறும் நியாயங்களைப் பார்ப்போம். அவை எள்ளி ஒதுக்கத்தக்கவை அல்ல. கண்ணூறு படும் என்கின்றனர் சிலர். கடன் கேட்டு வருவார்கள் என்கின்றனர் வேறு சிலர். பொறாமை வளரும், நட்புக் கெடும், கூடப் பெறுபவனுக்குச் செருக்கும் குறையப் பெறுபவனுக்குத் தாழ்வும் உண்டாகும் என்பது மூன்றாவது நியாயம்.

இந்த மூன்றாவது நியாயத்துக்கு ஆராய்ச்சியின் ஆதரவும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அரச ஊழியரின் சம்பளங்களை ஒரு பத்திரிகை இணையத்தில் வெளியிட்டது. அங்குள்ள பல்கலைக்கழக ஊழியரிடையே டேவிட் கார்ட் முதலிய நால்வர் நடத்திய ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம்மோடொத்தவர்களைவிடக் குறையப் பெறுகிறோம் என்று அந்த வெளியீட்டால் அறிந்தோரின் மனநிறைவு குன்றியது. அவர்கள் வேறு வேலை தேடவும் எண்ணினர். கூடப் பெறுகிறோம் என்று அறிந்தவர்க்கோ மகிழ்ச்சி கூடவில்லை. நோர்வே நாட்டிலே குடிமக்களின் வரி விபரங்கள் நெடுங்காலமாகத் திறந்தே உள்ளன. 2001ஆம் ஆண்டில் அவை இணையத்தில் வந்ததும், அயலாரின் வருமானத்தைத் தேடிப் பார்ப்பதே பலருக்குப் பொழுதுபோக்காயிற்று. 2014ஆம் ஆண்டு முதல், தேடியவர் இன்னார் என்பதைத் தேடப்பட்டவர் அறியலாம் என்று ஒழுங்கு செய்தனர். தேடுவோர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது! வம்புக்காகப் பார்த்தவர் எத்தனை பேர் என்பது அதிலிருந்து புலனாயிற்று.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு இவ்விடத்தில் மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்துக் கதை நினைவுக்கு வருகிறது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் அதிகாலையிலும், பகலிலும், மாலையிலுமாகக் கூலியாட்களை அமர்த்துகிறார். பொழுது பட்டதும், கடைசியில் வந்தவனிலிருந்து தொடங்கி எல்லார்க்கும் ஒரே கூலி கொடுக்கிறார். காலை முதல் வெயிலில் வாடியவர்கள் முறுமுறுக்கிறார்கள். சமயப் பொருள் எதுவாயினும் ஆகுக. கூலிக் கணக்காகவே இதைப் பாருங்கள். எல்லார் முன்னிலையிலும் கொடுத்தபடியால் முறுமுறுப்பு எழுந்தது, உண்மை. ஆனால் அது கொடுத்தவரின் முகத்துக்கு நேரே எழுந்தது. அவரும் "உன்னோடு பேசிய கூலி இதுதானே" என்று தமது நியாயத்தைச் சொல்ல வேண்டியவரானார். இருட்டிலே கொடுத்திருந்தால் முறுமுறுப்பு இராது என்றா நினைக்கிறீர்கள்? அது வதந்தியாக மாறியிருக்கும்.

நம்மூரில் அந்த வதந்திக்கு இன்னொரு நச்சும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வேலை செய்யும் கடைவீதி நமது. சம்பளம் மறைவாயிருக்குமிடத்தில், "அவன் அவர்களுடைய ஆள், அவனுக்குக் கூடக் கொடுக்கிறார்கள்" என்ற சந்தேகம் முளைக்க எவ்வளவு நேரம் செல்லும்? கணக்குத் தெரிந்தால் தீர்ந்துபோகும் ஐயம், தெரியாமையால் இரு சமூகங்களின் மனக்கசப்பாக வளர்கின்றது.

மறைத்தலினால் வரும் நட்டத்தை இனிக் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. ஊழியர் நூற்றுக்கு 8, தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12 கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டில் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். ஓர் இளைஞனுக்கு உண்மைச் சம்பளம் 40,000 ரூபா. பதிவேட்டில் எழுதப்படுவது 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மறைந்த 10,000 ரூபாவுக்கு முதலாளி கட்டாதுவிடும் பணம் மாதம் 1,500 ரூபா. வருடத்தில் 18,000. பத்து வருடத்தில், வட்டி நீங்கலாகவே, 1,80,000 ரூபா! பக்கத்தில் நிற்கும் தோழனோடு சம்பளச் சீட்டை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு அன்றே வெளிப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் நாடு முழுவதற்கும் ஆகக்குறைந்த மாதச் சம்பளத்தை 10,000 ரூபா என்று வகுத்தது. 2025ஆம் ஆண்டின் திருத்தம் அதை 27,000 ரூபாவாகவும், 2026 சனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தியது. சட்டம் வர்த்தமானியில் இருக்கின்றது. ஆனால் துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்பிள்ளைக்கு அதை யார் சொல்வது? அருகில் நிற்பவள்தானே சொல்ல வேண்டும்!

மறைவு நீடித்தால் நீதிமன்றமும் கைகொடாமற் போகலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பேர்போன வழக்கு உண்டு. லில்லி லெட்பெட்டர் என்ற மாது 1979ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்திலுள்ள குட்இயர் டயர்த் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஏறக்குறைய 19 ஆண்டுகள் உழைத்தபின், பெயரிடாத ஒரு துண்டுச்சீட்டு மூலம், அதே பதவியிலிருந்த ஆண்கள் தம்மைவிடக் கூடப் பெறுவதை அறிந்தார். அவருக்கு மாதம் 3,727 டொலர்; அந்த ஆண்களுள் ஆகக் குறையப் பெற்றவருக்கோ 4,286 டொலர். வழக்காடினார். சம்பளத்தைத் தீர்மானித்த 180 நாட்களுக்குள் முறையிட்டிருக்க வேண்டும் என்று கூறி, 2007ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்த்தது. தெரியாத ஒன்றுக்கு எவ்வாறு முறையிடுவது? அக்கேள்வியின் நியாயத்தை உணர்ந்த காங்கிரஸ் சபை 2009ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் அவர் இழந்த பணம் திரும்பவில்லை.

இத்தனை தூரம் போவானேன்? மத்திய கிழக்குக்குப் போகும் நம் சகோதரர்களையும் சகோதரிகளையும் பாருங்கள். அங்கு மறைத்தல் வேறொரு வேடம் பூணுகிறது. லீவில் வந்தவர் வாங்குவதைக் கூட்டிச் சொல்கிறார். அறைச் செலவையும், சாப்பாட்டையும், முகவருக்குக் கொடுத்த கடனையும் சொல்லாது விடுகிறார். அதைக் கேட்ட தம்பி நகையை அடைவு வைத்துப் புறப்படுகிறான். குறைத்துச் சொல்வதைப் போலவே கூட்டிச் சொல்வதும் மறைத்தல்தான். அதனால் விழுபவன் நமது சொந்தத் தம்பி.

இன்னுமொரு விந்தை. சம்பளத்தைக் கேட்பது பண்பன்று என்னும் நாமே, கலியாணப் பேச்சென்றால் முதலில் "மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?" என்றே கேட்கிறோம். வீடும் வளவும் எவ்வளவு என்பது அந்த விடையைப் பொறுத்தே பேசப்படுகின்றது. பெண்ணைப் பெற்றவர் கேட்கலாம். வேலை தேடும் பிள்ளை கேட்கலாகாதோ?

ஏழையின் நிலை அதனினும் விந்தையானது. 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும உதவி தொடங்கியபோது மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என நான்கு பிரிவுகள் வகுத்தனர். தெரிவானவர்களின் பட்டியலை எல்லாரும் பார்க்க வெளியிட்டு, ஆட்சேபம் உண்டாயின் தெரிவிக்கலாம் என்றும் அறிவித்தனர். பொதுப்பணத்துக்கு அது வேண்டிய ஒழுங்கே; நான் குறைகூறவில்லை. ஆனால் மக்கள் பிரதிநிதிகளின் சொத்து விபரமோ 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரகசியமாகவே பேணப்பட்டு, 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தினாலேயே பொதுமக்கள் பார்வைக்குரியதாயிற்று. ஏழையின் வறுமை சுவரில் தொங்கலாம். உள்ளவனின் வரும்படி மட்டும் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது எந்த நீதி?

அப்படியானால் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கணக்கைச் சந்தியில் விரிக்க வேண்டுமா? அன்று. இங்குதான் நாம் இரண்டு பொருள்களைப் பிரித்தறிய வேண்டும். வேலையின் விலை வேறு. வீட்டின் இருப்பு வேறு. ஒரு வேலைக்கு என்ன சம்பளம் என்பது அவ்வேலையைச் செய்வோர் அனைவர்க்கும், செய்யவிருப்போர்க்கும் உரிய செய்தி. அதை வாங்கியபின் எவ்வளவு மிஞ்சியது, எந்தக் கடன் அடைந்தது, தங்கையின் வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்பவை குடும்பத்துக்குரியவை. கண்ணூறும் கடன் தொல்லையும் இந்த இரண்டாவதைச் சார்ந்தவை. அதை மறைத்துக்கொள்வதில் குற்றமில்லை. இரண்டையும் ஒன்றாக்கி மூடியபடியால்தான், வீட்டுக்குப் போட்ட திரை முதலாளிக்கு நிழலாயிற்று.

ஆகவே பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளை தனியே வந்து கேட்டால், சேர்ந்தபோது பெற்றதையும் இப்போது பெறுவதையும் மெய்யாகச் சொல்லுங்கள்; செலவையும் சேர்த்தே சொல்லுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லி உங்கள் பிள்ளையைக் குத்தாதீர்கள். அக்குத்தலுக்கு அஞ்சியே பலர் வாய்மூடுகின்றனர். வாலிப அன்பர்களே! உடன் வேலை செய்பவன் கேட்டால் மறையாதீர்கள். வம்புக்காகக் கேளாதீர்கள். உங்களுக்குக் கூடக் கிடைக்கின்றதெனத் தெரிந்தால் மார்தட்டாமல், மற்றவனுக்கும் கேட்டுக் கொடுக்க முன்வாருங்கள். சம்பளச் சீட்டையும் சேமலாப நிதிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

நம் சங்கங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவை எல்லார் முன்னும் வாசிப்பதை நாம் பெருமையாகக் கருதுகிறோம். சபைப் பணத்துக்கு உகந்த அந்த ஒழுக்கம் உழைப்பின் கூலிக்கும் உகந்ததே. நெற்றி வியர்வை நிலத்தில் விழ உழைத்துப் பெறுவதைச் சொல்ல நாணவேண்டியவன் உழைத்தவனல்லன், குறைத்துக் கொடுத்தவனே.